வாட்ச்மேன் விரலில் ஏழு பேர்

எங்கள் பவுண்டரி வாட்ச்மேன் கையில் ஏழு பேர் இருந்தார்கள். வலது கட்டைவிரல் அவருக்கே அவர். ஆள்காட்டி விரல் உலை பார்க்கிறவர். நடுவிரல் மண் சலிக்கிறவர். இப்படியே போய், இடது கட்டைவிரலை விட்டு, இடது கை நடுவிரலில் ஒரு மோல்டர் இருந்தார். பம்பு செட்டு உறுப்புகளுக்கு மண்ணில் அச்சு எடுக்கிற வேலை அவருக்கு. இந்த விஷயத்தை யாராவது டீக்கடையில் எடுத்துவிட்டால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. அதனால் பவுண்டரியில் எனக்குச் சிடுமூஞ்சி அக்கா என்று ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

கணபதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, நாலைந்து லேத் பட்டறைகளைத் தாண்டினால் எங்கள் பவுண்டரி. இருபது சொச்சம் ஆட்கள். சம்பளம் போடுவது, வரி கட்டுவது, டீக்கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது, மொதலாளிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துவது எல்லாம் நான்தான். மொதலாளி கோபிப் பக்கத்துத் தோட்டக்காரர். அங்கே வாழைக்கும் நெல்லுக்கும் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்க, இங்கே இரும்பை உருக்க வந்தவர். ஆட்களிடம் குரலை உயர்த்திப் பேச மாட்டார். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நல்லவர்களிடம் வேலை பார்ப்பதில் உள்ள தொந்தரவு வேறு மாதிரியானது.

கைரேகை மெஷின் வந்தது அவர் ஆசைப்பட்டு அல்ல. எங்களிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனி, ஆட்களின் வருகையெல்லாம் மெஷினில்தான் பதிவாக வேண்டும், அன்றன்றே தங்களுக்கும் வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டது. மாட்டுவதற்கு ஒரு பையன் வந்தான். ஆபீஸ்காரர்கள் விரலெல்லாம் வைத்த உடனே பதிந்துவிட்டது. பவுண்டரிக்குள் மண்ணிலும் சூட்டிலும் கிடக்கிறவர்கள் வந்ததும் தகராறு ஆரம்பித்தது. ஆறு பேருடைய விரலை மெஷின் படிக்கவே இல்லை. துணியால் துடைத்தார்கள், சோப்புப் போட்டுக் கழுவினார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள். அந்த மோல்டர் தன் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வருஷக்கணக்காக மண்ணை அழுத்தி அழுத்தி அவர் விரல் நுனியில் கோடென்று ஒன்று இல்லாமலே போயிருந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல நின்றார்.

வந்த பையனுக்குத் திருப்பூரில் அடுத்த வேலை காத்திருந்தது. சூப்பர்வைசர்தான் வழி சொன்னார்.

"நம்ம வாட்ச்மேன் கை பாருங்க, மெத்து மெத்துன்னு இருக்குது. இவங்க ஆறு பேருக்கும் அதுல ஒவ்வொரு வெரலா ஏத்தி உட்டுருங்க."

போட்டோ அவரவருடையது. விரல் வாட்ச்மேனுடையது. நான் நேரே மொதலாளி அறைக்குப் போய், இது நாளைக்குப் பெரிய வம்பாகும் என்று சொன்னேன்.

"ஏனுங் அம்மணி, இருக்கறது இருபது பேரு. ஆரு வந்தா, ஆரு வல்லைன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்களா? மெஷினு அவுங்களுக்கு. நமக்கு நம்ம கண்ணு போதுமுங்க" என்றார்.

பவுண்டரியே அவருக்கு ஒரு குடும்பம். குடும்பத்தில் யாராவது வருகைப் பதிவு எடுப்பார்களா? அப்படித்தான் அவர் நினைத்தார். ஆனால் சம்பளம் அந்த மெஷினிலிருந்துதான் வந்தது. நான் வைத்திருக்கிற மென்பொருளுக்கு அவர் கண்ணும் தெரியாது, என் கண்ணும் தெரியாது.

முதல் வம்பு சில்லறையாகத்தான் வந்தது. வாட்ச்மேன் தேங்காய் உடைக்கும்போது ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டு கட்டுப் போட்டிருந்தார். அந்தக் கட்டு அவிழ்கிற வரைக்கும் உலை பார்க்கிறவர் வேலைக்கே வராதவராகிவிட்டார். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் எங்கள் பவுண்டரியில் தனியாக ஒரு தொகை உண்டு. அட்டெண்டன்ஸ் காசு என்போம். ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் அந்தத் தொகை முழுசும் போய்விடும். உலைக்காரருக்கு அந்த மாதம் அது போய்விட்டது. என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அவரு வெரல வெட்டிக்கிட்டா என்ற சம்பளத்தையுமா வெட்டுவீங்க?" என்று கத்தினார். சுற்றியிருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் கம்பெனிக்கு விளக்கம் எழுதி, எங்கள் தொழிலாளர் கணக்குகளைப் பார்க்கிற கன்சல்டன்டிடம் கெஞ்சி, அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் விரல் மாற்றி வைத்ததில் ஒருத்தருடைய ஓவர்டைம் இன்னொருத்தருக்குப் போனது. அதையும் சரி செய்தேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் போட உட்காரும்போது அந்த ஆறு பேர் கணக்கைத்தான் முதலில் திறப்பேன். இந்தத் தடவை என்ன, இந்தத் தடவை யார் என்று.

போகப் போக அது ஒரு சௌகரியமாகிவிட்டது. ஊரில் மாரியம்மன் நோம்பி என்றாலோ, சொந்தத்தில் ஒரு சீர் என்றாலோ, "அண்ணா, இன்னிக்கொரு நாளைக்கு எனக்கு வெரல் வெச்சு உட்டுருங்கண்ணா" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். போனவருடைய வேலையைக் கூட இருக்கிறவர்கள் இழுத்துப் போட்டுச் செய்துவிடுவார்கள். சரக்குக் குறையாது. மொதலாளிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். வாட்ச்மேன் யாரிடமும் பைசா வாங்கியதில்லை. நோம்பிக்குப் போனவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற முறுக்கில் பாதியை என் மேசையிலும் வைத்துவிட்டுப் போவார். நான் தொடமாட்டேன். எனக்குப் பயம். கோபம் என்று மற்றவர்கள் நினைத்தது எல்லாம் பயம்தான்.

ஒரு காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மொதலாளிக்கு போன் வந்தது. சரவணம்பட்டி தாண்டி சத்தி ரோட்டில் டிப்பர் லாரி ஒன்று மொபெட்டில் வந்தவரை அடித்துப் போட்டுவிட்டது. சட்டைப் பையில் எங்கள் பவுண்டரி அடையாள அட்டை இருந்ததாம். இடது கை நடுவிரலில் இருந்த அந்த மோல்டர்தான். கோவில்பாளையத்திலிருந்து தினமும் அந்த வழியாகத்தான் வருவார். உலையை அணைத்துவிட்டு மொத்தப் பவுண்டரியும் பிணவறை வாசலுக்குப் போனது. நானும் போனேன். அவருடைய மனைவி அழவே இல்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பிளஸ் டூ படிக்கிறவள், பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள்.

அந்த மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். விபத்து நடந்த அன்று காலையில் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். சாயந்திரம் வேலை முடித்துக் கிளம்பியும் இருக்கிறார். செத்துப்போன மனிதர் முழு நாள் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

வாட்ச்மேனிடம் ஓடினேன். கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் எழுந்து நின்றார்.

"காலைல கை பழக்கத்துல வரிசையா வெச்சுப்போட்டனுங் அம்மணி. எப்படியும் எல்லாரும் வந்துருவாங்கன்னு மொதல்லயே வெச்சுருவனுங்க. சாயங்காலம் எல்லாரும் ஆசுபத்திரியில கெடக்கறீங்க, நான் மட்டுந்தான் இங்க. அரை நாள் சம்பளம் ஆருக்கும் போயறக் கூடாதுன்னு ஆறு பேருக்கும் வெச்சு உட்டனுங்க. அவரு வெரலும் அதுல சேந்து போயிருச்சு. வெச்ச பொறகுதானுங்க எனக்கே ஒறைச்சுது."

அவரைத் திட்டிவிடலாம் என்றுதான் வந்தேன். அவர் தன் இடது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு பேசினார். திட்ட மனசு வரவில்லை.

இதில் என்ன போச்சு என்று கேட்டால், மோல்டரின் மனைவிக்கு எல்லாமே இதில்தான் இருந்தது. வேலைக்கு வருகிற வழியில் விபத்தில் ஒருவர் இறந்தால், வேலை செய்யும்போது இறந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தொழிலாளர் காப்பீட்டில் அவர் மனைவிக்கு மாதாமாதம், அவர் வாங்கின கூலியில் பெரும்பகுதி, அவள் இருக்கிற வரைக்கும் வரும். மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள் பங்கு வரும். அந்த வீட்டில் வேறு வருமானம் என்று சொல்ல, அவள் பக்கத்து மில்லில் கூட்டிப் பெருக்கி வாங்குவதுதான். ஆனால் மெஷின் சொல்கிறபடி, விபத்து நடந்தபோது அவர் ரோட்டிலேயே இல்லை. பவுண்டரிக்குள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

கன்சல்டன்ட் வந்தார். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர்களுக்கு முகம் மாறவே மாறாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலைல வந்தாரு, பொருள் வாங்கறதுக்கு நாமதான் வெளிய அனுப்புனோம்னு எழுதிக்கலாம் சார்" என்றார். சாயந்திரம் கிளம்பினாரே என்றேன். அதை அழித்துவிடலாமா என்று கேட்டார். பெரிய கம்பெனிக்கு அன்றைக்கே போய்விட்டது என்றேன். கையிலிருந்த பைலை மூடிவிட்டார்.

"அப்ப விண்ணப்பமே வேண்டாம் சார். அந்தம்மா கையில ஒரு தொகையக் குடுத்து முடிச்சிக்கோங்க. நோண்டுனா உங்களுக்குத்தான் ஆபத்து. ஒருத்தர் விரல் பொய்னா ஆறு பேர் விரலும் பொய். கம்பெனி ஆர்டர நிறுத்திரும். மொதல்ல அவர மெஷின்ல இருந்து எடுத்துருங்க. செத்தவர் பேரு உள்ள இருக்கறதே தப்பு."

எடுக்க வேண்டியவள் நான். இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அந்தப் போட்டோவும் விரலும் போய்விடும். எடுக்க மாட்டேன் என்றேன். அந்த விரல் வாட்ச்மேனுடையது என்று காட்டுவதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்த மெஷினுக்குள் கிடக்கிற பதிவுதான். அதை அழித்துவிட்டால் மோல்டர் காலத்துக்கும் பவுண்டரிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி ரோட்டில் நிற்பாள். மொதலாளியின் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வேண்டுமானால் என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டு, வருகிறவளை விட்டு அழிக்கச் சொல்லுங்கள் என்றேன். கன்சல்டன்ட் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மொதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்தடுத்த நாட்களில் வருவார், உலையைப் பார்ப்பார், போய்விடுவார். என்னிடம் மாத்திரையைக் கூடக் கேட்கவில்லை. பவுண்டரியில் பேச்சே குறைந்துவிட்டது. மெஷினில் சொந்த விரல் இல்லாத மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்ததும் நடையை மாற்றிக்கொண்டார்கள். இவள் நியாயம் பேசப் போய் நம் தலையில் வந்து விடியப் போகிறது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. கடைசியில் வாட்ச்மேன்தான் மொதலாளி அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நானே சொல்லிப்போடறனுங்க. பழக்கத்துல வெச்சன், ஆருஞ் சொல்லி வெக்கலை. தப்பு என்ற மேல. அந்தப் புள்ளைக்கு வார காசு என்ற கையினால நிக்க வேண்டாமுங்க."

மொதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. நெசத்தையே சொல்லிப்போடலாம். ஆர்டர் போனாப் போகுது" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. வாட்ச்மேன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மோல்டரின் மனைவியிடம் கையெழுத்து வாங்கக் கோவில்பாளையம் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை. அவருடைய வேலைச் சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. நான் விண்ணப்பத்தை எடுத்ததும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதெல்லாம் வேணுங்களாக்கா? போனவரு போயிட்டாரு. நாங்க எப்படியோ பொழைச்சுக்கறமுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உனக்காக ஒருத்தர் தன் வேலையையே பணயம் வைக்கிறார், மொதலாளி ஆர்டரையே விடத் துணிந்துவிட்டார், நீ வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் விடு, படிக்கிற பிள்ளைக்கு வேண்டாமா என்று கேட்டேன். மகள் அடுப்பு மூலையிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நான் பேசிக்கொண்டே போனேன்.

"விசாரணையில என்னென்ன கேப்பாங்க்கா?"

"அன்னைக்குக் காலையில வேலைக்குத்தான் கிளம்பினாரான்னு கேப்பாங்க. நீ ஆமான்னு சொல்லு. அவ்வளவுதான்."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஏனோ நிம்மதியாகவே இல்லை. ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இல்லை. ஏதோ ஒன்றை நானே இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ நிறுத்தப் போகிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

விசாரணைக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார், வைத்த டீயைத் தொடவில்லை. மோல்டரின் மனைவியையும் வரவழைத்து மொதலாளி அறையிலேயே உட்கார வைத்திருந்தோம். மொதலாளி தானே எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எனக்குக் காட்டுங்க" என்றார்.

காட்டுவதற்கு நான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். மெஷின் மொதலாளி அறை வாசலிலேயே சுவரில் இருந்தது. ஐந்து பேரும் வரிசையாக வந்து விரல் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மெஷினுக்குள் இருக்கிற பெண் குரல், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. அதிகாரி அவர்கள் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வாட்ச்மேன் வந்தார். வலது கையிலிருந்து ஒவ்வொன்றாக வைத்தார். வைக்க வைக்க, உயிரோடு எதிரில் நின்றவர்களின் போட்டோ ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. கடைசியில் இடது கை நடுவிரல். திரை ஒரு நொடி இருண்டது. பிறகு மோல்டர் வந்தார்.

மெஷின் மாட்டின அன்று எடுத்த போட்டோ. நெற்றியில் மண். வெட்கப்பட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். "தேங்க் யூ" என்றது குரல்.

அவர் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். போட்டோ மறைகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிரூபித்துவிட்டேன் என்று இருந்தது.

அதிகாரி வாட்ச்மேனிடம் திரும்பினார். "அன்னைக்கு வெக்கச் சொல்லி அவர் உங்ககிட்டச் சொன்னாரா?"

"இல்லீங்க. பழக்கத்துல வெச்சன்."

எழுதிக்கொண்டார். "சரி. விரல் அவருது இல்லைன்னு நான் எடுத்துக்கறேன். ஆனா அவர் வேலைக்குத்தான் வந்துட்டு இருந்தார்னும் தெரியணும்." மோல்டரின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னைக்கு அவர் வீட்டுலேருந்து வேலைக்குன்னுதான் கிளம்பினாரா?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அசைத்திருப்பார். அவள் திரும்பி மெஷினைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

மொதலாளி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல" என்றார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இருந்தும் சொன்னார்.

"யோசிச்சுத்தானுங்க சொல்றன். அவருக்கு ரொம்ப நாளா மூச்சு வாங்கீட்டு இருந்துச்சுங்க. ராவெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. டவுனு ஆசுபத்திரியில போய் எக்ஸ்ரே எடுத்துப்போட்டு வாரன்னு கிளம்புனாரு. லீவு போட்டா அட்டெண்டன்ஸ் காசு போயிருமுன்னு மொத நாளே வாட்ச்மேன் அண்ணங்கிட்டச் சொல்லி வெரல் வெக்கச் சொல்லீட்டாரு. என்ற முன்னாலதானுங்க போன்ல சொன்னாரு."

டவுன் ஆஸ்பத்திரிக்கும் அதே சத்தி ரோடுதான். எங்கள் பவுண்டரியைத் தாண்டிப் போக வேண்டும். அவர் பவுண்டரி வரைக்கும்கூட வந்து சேரவில்லை. வாட்ச்மேன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். செத்தவர் மேல் பழி வராமல் இருக்க, அந்தப் பெண்ணுக்குக் காசு நிற்காமல் இருக்க, அந்த மனிதர் எங்கள் எல்லோரிடமும் பொய் சொல்லியிருந்தார். நான் நிஜம் நிஜம் என்று தூக்கிக்கொண்டு அலைந்ததற்குள் அந்தப் பொய் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதிகாரி பேனாவை எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு நடந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். விண்ணப்பம் தள்ளுபடியானது. பெரிய கம்பெனி பாதி ஆர்டரை நிறுத்திவிட்டு, முகத்தைப் படிக்கிற வேறு மெஷினை மாட்டச் சொன்னது. வாட்ச்மேன் தானாகவே வேலையை விட்டு நின்றுகொண்டார். மொதலாளி அவளுக்கு ஒரு தொகை கொடுத்தார். கன்சல்டன்ட் முதல் நாளே சொன்ன தொகை அல்ல, ஆர்டர் போன பிறகு அவரால் முடிந்த தொகை. அட்டெண்டன்ஸ் காசு மட்டும் இன்னும் இருக்கிறது. மாதாமாதம் அதைக் கொடுப்பதும் பிடிப்பதும் நான்தான்.

விசாரணை நடந்த அன்று அவளைப் பஸ் ஏற்றிவிட நான்தான் சத்தி ரோடு வரைக்கும் கூட நடந்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பஸ் ஸ்டாப்பில் நின்றதும் அவள் மேலேயே காட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு வார்த்தை. வேலைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பிள்ளை படிச்சிருப்பாளே. உன்னால சொல்ல முடியலையா?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே விளங்கியது. பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சொல்லோணும்னுதானுங்க்கா வந்தன். ஊட்டுல இருந்து அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தன். நீங்க அந்த மெஷின்ல அவரு மூஞ்சியக் காட்டீட்டீங்க. அவரு பாத்துட்டு இருக்கையில நான் எப்படிங்க்கா சொல்லுவன்?"

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.